மகள் சிறார் நீதித் துறைக்குப் போகிறேன் என்கிறாள், சோறு போடுமா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தும் மகள் சிறார் நீதிக் கொள்கைதான் படிப்பேன் என்று நிற்கிறாள், இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று டாலஸிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் நேராக வாஷிங்டன் போய், சிறார் நீதிக்கான மத்திய அலுவலகத்தில் சேர்ந்து, ஒரு நாள் அதற்கே தலைவராவது என்ற அவளுடைய கணக்கு சரிவராது.

அந்த அலுவலகம், 1974 செப்டம்பரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தால் அமெரிக்க நீதி அமைச்சகத்துக்குள் உருவானது. சட்டத்துக்காகப் பாடுபட்டவர் செனட்டர் பர்ச் பே. பள்ளிக்கு மட்டம் போட்டான், வீட்டை விட்டு ஓடினான் என்பதற்கெல்லாம் பிள்ளைகளைப் பூட்டிவைக்கக் கூடாது, வயதுவந்த கைதிகளோடு சேர்த்து வைக்கவும் கூடாது என்பதுதான் சாரம். இதை மாநிலங்களுக்கு உத்தரவாகப் போடாமல் மானியத்தோடு முடிச்சுப் போட்டார்கள். முக்கிய நிபந்தனை ஒன்றை மீறினால் மானியத்தில் 20 சதவீதம் போய்விடும். அவ்வளவுதான் வாஷிங்டனின் பிடி. நீதிமன்றமும் காப்பகமும் மாநிலத்திடமும், நம்மூர் மாவட்டம் மாதிரியான கவுன்ட்டியிடமும்தான். உங்கள் டெக்சஸில் 17 வயதானாலே பெரியவர்களுக்கான நீதிமன்றம். பெரும்பாலான மாநிலங்களில் 18. வேலையும் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர்களைப் பாருங்கள். கிளின்டன் காலத்து ஷே பில்சிக் ஃபுளோரிடாவில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். ஒபாமா காலத்து ராபர்ட் லிஸ்டன்பி, ஃபிலடெல்ஃபியாவில் சிறுவர்களுக்காக வாதாடிய பப்ளிக் டிஃபெண்டர், அதாவது வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடுபவர். பைடன் காலத்து லிஸ் ரையன், சிறார் சிறைகளை மூடச் சொல்லி இயக்கம் நடத்தியவர். மூவரும் வெளியே பேர் வாங்கிவிட்டு உள்ளே வந்தவர்கள். அதிபர் மாறினால் நாற்காலியும் மாறும். ரீகன் அரசு இந்த அலுவலகத்துக்கு நிதியே வேண்டாம் என்றது, காங்கிரஸ்தான் காப்பாற்றியது.

வக்கீல் படிப்பு வேண்டுமா என்றால், அவளை ஜெரால்டு கால்ட் வழக்கைப் படிக்கச் சொல்லுங்கள். 1964இல் அரிசோனாவில் 15 வயதுப் பையன், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசினான் என்று புகார். அவனுக்கு வக்கீல் இல்லை. புகார் கொடுத்தவர் விசாரணைக்கே வரவில்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி என்று தீர்ப்பு. இதையே வயதுவந்தவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதம் ஜெயில். 1967இல் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு, சிறுவர்களுக்கும் வக்கீல் உரிமை உண்டு என்றது. படித்த பிறகு அவளுக்குக் கோபம் வந்தால் சட்டம் படிக்கட்டும். பப்ளிக் டிஃபெண்டர் சம்பளம் பெரிய நிறுவனங்களோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் பொதுச் சேவை வேலையில் இருந்தபடி, தகுதியுள்ள 120 மாதத் தவணைகளைக் கட்டியவர்களுக்கு மத்திய கல்விக் கடனில் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் உண்டு.

கோபம் வரவில்லை, எண்கள்தான் பிடிக்கிறது என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸை விட வேண்டாம். பிட்ஸ்பர்கில் நேஷனல் சென்டர் ஃபார் ஜுவனைல் ஜஸ்டிஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. சிறார் நீதிமன்றத் தரவுகளைத் திரட்டி அலசுவதே அதன் பிழைப்பு. புள்ளியியல் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் நல்ல கிராக்கி.

அப்புறம், குடியுரிமை. மத்திய அரசு வேலை பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான். கிரீன் கார்டோடு இருந்தால் கவுன்ட்டி, தொண்டு நிறுவனம் என்று தொடங்கலாம். விதிகளை இடத்துக்கு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறார் நீதி பற்றி மாநிலத்துக்கு யோசனை சொல்லும் ஆலோசனைக் குழுக்களில் ஐந்தில் ஒரு பங்கு இளைஞர்கள் இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன மத்திய சட்டமே சொல்கிறது. கல்லூரியில் இருக்கும்போதே அதற்கு முயலலாம்.

இந்தக் கோடைக்கு, உங்கள் கவுன்ட்டி சிறார் புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) அலுவலகம் மாணவர்களை இன்டர்னாக எடுக்கிறதா என்று போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவளே கேட்கட்டும் சார், நீங்கள் போட வேண்டாம்.