சிங்கம் போட்ட யூதக் கல்யாணப் பத்திரம்: வாங்கலாமா?

கேள்வி: மட்டாஞ்சேரி பழம்பொருள் கடை ஒன்றில் எபிரேய எழுத்தில் பெரிய தாள், மேலே இரண்டு சிங்கம், அவற்றின் முதுகில் சூரியன். கொச்சி யூதர்களின் 300 வருஷத்துக் கல்யாணப் பத்திரமாம். நம்பி வாங்கலாமா? (கோவை வாசகர், படம் அனுப்பியிருக்கிறார்)

பதில்: அவசரப்படாதீர்கள். கெத்துபா, அதாவது யூதக் கல்யாணப் பத்திரம் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் கொச்சி சரக்கு இல்லை. சிங்கத்தின் முதுகில் முகம் வைத்த சூரியனை வரைவது ஈரானில் இஸ்பஹான் யூதர்களின் வழக்கம். அது அந்தக் காலத்தில் அந்நாட்டு அரசுச் சின்னம். தங்கள் கல்யாணப் பத்திரத்திலேயே அதைப் போட்டுக்கொண்டார்கள். அதே ஈரானில் மஷ்ஹத் யூதர்களை 1839இல் கட்டாயமாக மதம் மாற்றினார்கள், அதற்கப்புறம் அவர்கள் ஊருக்குக் காட்ட ஒரு இஸ்லாமியத் திருமண ஒப்பந்தம், வீட்டுக்குள் ஒரு கெத்துபா என்று இரண்டு எழுதிக்கொண்டார்கள். ஒரு சமூகம் எப்படிப் பிழைத்தது என்பது இப்படித்தான் தெரியவரும்.

வயதைக் கடைக்காரர் வாயிலிருந்து கேட்காதீர்கள். முதல் வரிகளிலேயே கிழமை, தேதி, உலகம் படைக்கப்பட்டதிலிருந்து கணக்கிட்ட ஆண்டு, ஊர் எல்லாம் இருக்கும். எபிரேயம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, வரும் ஆண்டில் 3760ஐக் கழியுங்கள். 5634 என்றால் 1874. ஒரு சிக்கல்: யூதப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கிறது, அதனால் அதிலிருந்து டிசம்பர் முடிய நடந்த கல்யாணத்துக்கு 3761ஐக் கழிக்க வேண்டும், அதே 5634 அப்போது 1873 ஆகிவிடும். ஆகவே மாதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

“இருநூறு வெள்ளிக்காசு எழுதியிருக்கு, பெரிய குடும்பம்” என்று கதை விடுவார்கள். கன்னிப்பெண்ணுக்கு 200 சூஸ் (பழைய வெள்ளிக்காசு) என்பது எல்லோருக்கும் எழுதும் வாசகம், விவாகரத்தானாலோ கணவன் இறந்தாலோ அவளுக்குச் சேர வேண்டிய தொகை. வசதி தெரிய வேண்டுமென்றால் சீர் விவரத்தைப் பாருங்கள்.

ஓரச் சித்திரத்தை வைத்தும் வயது சொல்லாதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் சாலோம் இத்தாலியா என்ற கலைஞர் 17ஆம் நூற்றாண்டில் செதுக்கிய செப்புத்தகட்டு ஓரத்தைப் பின்னால் வந்தவர்கள் நெடுங்காலம் அச்சடித்து, நடுவில் புது ஜோடியின் பெயரை எழுதினார்கள். இன்று அந்த வேலையைக் கலர் பிரிண்டரே செய்கிறது, பூதக்கண்ணாடி வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கடைக்காரர் நீட்டும் ‘சான்றிதழ்’ அவரே அடித்தது.

கையெழுத்துப் பிரதி மதிப்புள்ளதாக இருந்து 75 வருஷம் தாண்டினால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பாயும். விற்பவருக்கு உரிமம் வேண்டும், நீங்கள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நேர்மையாக அரசு அலுவலகத்தில் விசாரிக்கப் போனால் மேசைக்கு மேசை அலைய விடுவார்கள், கடத்துகிறவனுக்கு எந்த மேசையும் கிடையாது, அது வேறு எரிச்சல். இருந்தாலும் உரிம எண்ணைக் கேளுங்கள். பில்லில் “அலங்காரப் படம்” என்றுதான் எழுதித் தருவேன் என்றால் பர்ஸைத் திறக்காதீர்கள்.