சாட்சி யாரும் இல்லை, புகார் கொடுக்கலாமா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில், ஏஜென்சி மூலம் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறேன். எட்டு மாதமாக என் மேலாளர் பில் பார்க்கிற சாக்கில் நாற்காலி மேல் சாய்ந்து நிற்கிறார், தோளில் கை வைக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு 'தூங்கியாச்சா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். நான் பதில் போடுவதை நிறுத்தியதிலிருந்து எதை எடுத்தாலும் குறை சொல்கிறார். போன வாரம் ஸ்டோர் ரூமில் இடுப்பில் கை வைத்தார். யாரும் பார்க்கவில்லை. எச்ஆரிடம் சொன்னேன். 'பெரிசு பண்ணாதீங்க, உங்க பேர்தான் கெடும்' என்றார்கள். அப்பா வேலையை விட்டுவிடச் சொல்கிறார். சாட்சியும் இல்லை, பர்மனென்ட்டும் இல்லை. நான் புகார் கொடுக்க முடியுமா?"

முடியும். வழக்கறிஞர் என்கிற முறையில் சில நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்து வருகிறேன். உங்களைப் போலவே "சாட்சி இல்லையே" என்று தயங்கித் தயங்கி வந்தவர்களைத்தான் அங்கே அதிகம் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஆள் நாலு பேர் பார்க்கும்போது கை வைக்கமாட்டார். யாரும் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுப்பதே அவர் வழக்கம். அது குழுவில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

குழுவின் விசாரணை கிரிமினல் கோர்ட் விசாரணை இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே கிடையாது. இரண்டு தரப்பையும் கேட்டு, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு இருக்கிறது என்றுதான் குழு பார்க்கும். நீங்கள் சொல்வது முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே மாதிரி இருக்கிறதா, தேதியும் இடமும் பொருந்துகிறதா என்பதெல்லாம் அங்கே எடை போடப்படும். ஆகவே இன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதத் தொடங்குங்கள்.

ஒரு பெண் எங்கள் குழுவின் முன்னால் மேசையில் தினசரி காலண்டர் தாள்களை அடுக்கி வைத்தார். தொந்தரவு நடந்த ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போனதும் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலில் நாலு வரி எழுதி வைத்திருக்கிறார். எத்தனை மணி, எந்த அறை, என்ன சொன்னார், அப்போது தான் என்ன செய்தேன் என்று குறித்திருந்தார். முன்பக்கம் தேதி அச்சாகியே இருக்கிறது. எதிர்த்தரப்பு "அன்றைக்கு நான் ஆபீஸிலேயே இல்லை" என்றது. வருகைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தோம். ஒரு தாள்கூடப் பிசகவில்லை. சாட்சி என்று ஒருவர்கூட வராமலே அந்தப் புகார் நிரூபணமானது.

உங்களுக்கு எட்டு மாதக் கதை இருக்கிறது. தேதி மறந்துபோன இடத்தில் 'பொங்கல் லீவு முடிந்த வாரம்' என்பது போல எழுதுங்கள், தேதியை நீங்களாகக் கற்பனை செய்து போடாதீர்கள். ஒரு தேதி தப்பானால் மற்ற ஒன்பதும் சந்தேகத்துக்குள்ளாகும். வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜைக்கூட அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது நம்பரும் தேதியும் தெரிய வேண்டும். முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள், ஆபீஸ் மெயிலுக்கு வேண்டாம். ஸ்டோர் ரூம் சம்பவத்துக்குப் பிறகு தோழியிடமோ அக்காவிடமோ அழுதிருப்பீர்கள். அவர் சொல்வதும் சாட்சியம்தான். அப்புறம், நீங்கள் பதில் போடுவதை நிறுத்துவதற்கு முன்னால் உங்கள் வேலையைப் பாராட்டி வந்த மெயில் ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். நேற்றுவரை நல்லவராக இருந்தவர் திடீரென்று வேலை தெரியாதவர் ஆனது ஏன் என்று குழு நிச்சயம் கேட்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். இந்தப் புகார்க் குழுவைப் பலரும் இன்றைக்கும் 'விசாகா கமிட்டி' என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் பன்வாரி தேவி இருக்கிறார். ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம அளவில் வேலை பார்த்தவர். ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரணை நீதிமன்றம் 1995இல் அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. அவருக்கு நடந்ததையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அது சட்டமாக 2013வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு பெண் புகார்க் கடிதத்தோடு ஒரு கதவைத் தட்ட முடிகிறது என்றால், தனக்கு நியாயம் கிடைக்காத அந்தப் பெண்ணுக்கு நாம் பட்ட கடன் அது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் காண்ட்ராக்ட், தற்காலிகம், பயிற்சி, ஏஜென்சி மூலம் வந்தவர் எல்லோரையும் ஊழியர் என்றே சொல்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியராக, உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்களாக, வெளியிலிருந்து ஒருவராவது வந்தவராக இருக்க வேண்டும். குழுவே அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய்வரை அபராதம் உண்டு. பத்து பேருக்குக் குறைவான இடமென்றாலோ, தொந்தரவு கொடுப்பவர் முதலாளியேதான் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

எச்ஆரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. எழுத்தில், குழுவின் பெயருக்கு, ஆவணங்களோடு ஆறு பிரதி கொடுங்கள். உங்கள் பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடப்பதாக இருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. போன வாரம்தான் நடந்தது என்பதால் எட்டு மாதத்தையும் ஒரே தொடராக எழுதலாம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம், ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

அதே கடிதத்தில் இடைக்கால நிவாரணமும் கேளுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விசாரணை முடியும்வரை உங்களையோ அவரையோ வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்கலாம். உங்கள் வேலையை அவர் மதிப்பிடக் கூடாது என்று கேட்கலாம். வழக்கமான விடுப்பு போக மூன்று மாதம்வரை விடுப்பும் கேட்கலாம். விசாரணையில் அவரை நேருக்கு நேர் பார்க்க முடியாது என்றால், அவருடைய கேள்விகளைக் குழு வழியாக எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். முடிந்த பத்து நாளில் அறிக்கையும், அறிக்கை கிடைத்த 60 நாளில் நிர்வாகத்தின் நடவடிக்கையும் வர வேண்டும்.

'நிரூபிக்க முடியாவிட்டால் என் மேலேயே திருப்பிவிடுவார்களா?' என்ற பயம் உங்களுக்கும் இருக்கும். நிரூபிக்க முடியாமல் போவது வேறு, கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுப்பது வேறு. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. பேர் கெடும் என்று எச்ஆர் பயமுறுத்தினார்களே, புகார் கொடுத்தவர் பெயரை வெளியிடுவதே சட்டப்படி தப்பு. 'பேர் கெடும்' என்ற அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுத்தான் எத்தனையோ பெண்கள் நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கை வைத்தவர் அதே நாற்காலியில் பிரமோஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

போலீஸுக்கும் போகலாம். குழுவில் புகார் கொடுத்தது அதற்குத் தடையில்லை. விருப்பமில்லாமல் பாலியல் நோக்கோடு தொடுவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆவது பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். அவசர உதவிக்கு 181, உடனடி ஆபத்து என்றால் 112.

அப்பா பயப்படுவது இயல்புதான். அவரிடம் காலண்டர் தாள் கதையைச் சொல்லுங்கள், குழுவுக்குப் போகும் நாளில் வாசல்வரை கூட வரச் சொல்லுங்கள். வேலையை விட்ட பிறகும் புகார் செல்லும், ஆனாலும் இப்போதைக்கு ராஜினாமா எழுத வேண்டாம். வேலையில் இருந்தால்தான் அந்த மூன்று மாத விடுப்பையும் இடமாற்றத்தையும் கேட்க முடியும். முதலில் போன வாரம் ஸ்டோர் ரூமில் நடந்ததை எழுதுங்கள். அது இன்னும் மனதில் பச்சையாக இருக்கிறது. பழையதை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எழுதிக்கொண்டே போகலாம்.