ஃபிரிட்ஜ் தாளில் எல்லா நாளும் 4 டிகிரி

வாசகர் கேள்வி பதில் பகுதிக்கு இந்த முறை வந்தவற்றில் பாதி, பொதுசுகாதார ஆய்வகங்களில் வேலை பார்ப்பவர்கள் எழுதியவை. பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

கேள்வி: மாவட்டப் பொதுசுகாதார ஆய்வகத்தில் மைக்ரோபயாலஜிஸ்டாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. எனக்கு 29 வயது. எனக்குக் கீழே ஆறு டெக்னீஷியன்கள், அதில் இரண்டு பேருக்கு என் அப்பா வயது. டெங்குவைக் கண்டுபிடிக்கிற எலிசா ரத்தப் பரிசோதனைக்கான கிட் வைக்கிற ஃபிரிட்ஜின் வெப்பநிலைத் தாளை எடுத்துப் பார்த்தேன். காலை 4, மாலை 4, ஞாயிற்றுக்கிழமையும் 4, மழைக்கு ஊரே கரன்ட் இல்லாமல் கிடந்த நாளிலும் 4. பேசினால் சின்னப் பொண்ணு என்று சிரிப்பார்கள், மெமோ கொடுத்தால் பகை. என்ன செய்வது?

பதில்: மெமோவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கம்மா. முதலில் அந்தத் தாளின் அடியைப் பாருங்கள், 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் இருக்குமே, இந்த நாலு மாதமாக அதில் இருப்பது யார் கையெழுத்து?

குத்திக்காட்டச் சொல்லவில்லை, நானே மாட்டியவன். நான் பொறுப்பில் இருந்த ஆய்வகத்தில் மூன்று மாதம் 4, 4 என்றே ஓடிய தாளில் மாதக் கடைசியில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டேன். ஒருநாள் எதற்கோ ஃபிரிட்ஜைத் திறந்தால் தெர்மாமீட்டரின் திரை வெறுமையாக இருக்கிறது, பேட்டரி எப்போதோ செத்துப்போயிருக்கிறது. நேற்று எழுதியதைப் பார்த்து இன்று, இன்று எழுதியதைப் பார்த்து நாளை. கத்தினேன், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். சாயங்காலம் டீ குடிக்கும்போது மூத்த டெக்னீஷியன் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "சார், உங்களுக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல ஒருதடவை 11-னு எழுதினேன். ஃபிரிட்ஜை யாரும் ரிப்பேர் பண்ணல, எனக்குத்தான் மெமோ வந்துச்சு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் இடத்திலும் கடைசியாகக் கெட்ட எண்ணை எழுதியவர் யார், எழுதியதற்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று விசாரியுங்கள். 4 டிகிரியின் கதை அங்கேதான் இருக்கும்.

அப்புறம் வேலைக்கு வாருங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டுகிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், ராத்திரி கரன்ட் போய் வந்தது காலையில் தெரியும். 2 முதல் 8 டிகிரிக்கு வெளியே போனால் யாருக்கு போன் செய்வது, கிட்டை எந்த ஃபிரிட்ஜுக்கு மாற்றுவது என்று கதவிலேயே ஒட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் 'விடுமுறை' என்றே எழுதச் சொல்லுங்கள். முதல் ஆள் 10 என்று எழுதுகிற அன்று, நீங்களே எழுந்துபோய் எல்லார் முன்னாலும் கிட்டை மாற்றிவிட்டு, மெக்கானிக்குக்கு போன் போடுங்கள். பெரிய பேச்சு வேண்டாம். மற்ற ஐந்து பேரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

உங்களை உண்மையில் அரிக்கவேண்டிய கேள்வி வேறு. அந்த மழை நாளில் கிட் கெட்டுப்போனதா இல்லையா? இதைத் தாள் சொல்லாது, பாசிட்டிவ் கன்ட்ரோல் சொல்லும், அதாவது பாசிட்டிவ் என்றே வரவேண்டும் என்று முன்பே தெரிந்த சாம்பிள். ஒவ்வொரு பிளேட்டிலும் கன்ட்ரோலுக்கு வந்த ஓ.டி. அளவை, அதாவது நிறத்தின் அடர்த்தியைக் காட்டும் எண்ணை, தேதிவாரியாக ஒரு கிராஃப் தாளில் புள்ளி வையுங்கள். நடுவில் சராசரிக் கோடு, இரண்டு பக்கமும் ஒன்று, இரண்டு, மூன்று எஸ்.டி. கோடுகள் (எஸ்.டி. என்பது அளவுகள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதன் கணக்கு). லெவியும் ஜென்னிங்ஸும் 1950-இல் ஆய்வகங்களுக்குக் கொண்டுவந்த படம் இது, எப்போது சந்தேகப்படுவது என்ற விதிகளை வெஸ்ட்கார்ட் 1981-இல் வகுத்துத் தந்தார். ஒரு புள்ளி 3 எஸ்.டி.யைத் தாண்டினால் அந்தத் தடவை போட்ட பிளேட்டின் ரிசல்ட்டை ஏற்காதீர்கள். அடுத்தடுத்து இரண்டு புள்ளி ஒரே பக்கம் 2 எஸ்.டி.யைத் தாண்டினாலும் அப்படியே. தாண்டவே இல்லை, ஆனால் தொடர்ந்து பத்துப் புள்ளி சராசரிக்கு ஒரே பக்கத்தில் கிடக்கிறது என்றால் ஏதோ ஒன்று மெல்ல நகர்கிறது என்று அர்த்தம். கிட்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் படமும் புதிதாகத் தொடங்கும். சாஃப்ட்வேர் வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம், பென்சில் போதும். அந்த அப்பா வயதுக்காரர்களில் ஒருவரிடமே இதை ஒப்படைத்துவிடுங்கள். பழைய ஆட்கள் கையால் போடுகிற கிராஃபின் அழகே தனி, அதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவர்களுக்கு வருத்தம்.

மழை நாளுக்குப் பிறகு புள்ளிகள் இறங்கியிருந்தால், பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கிற கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே வந்து நெகட்டிவ் என்று போன சாம்பிள்களை எடுத்துப் புதுக் கிட்டில் மறுபடி போடுங்கள். பலமான பாசிட்டிவ் எப்படியும் தெரிந்திருக்கும், நழுவுவது அந்த இரண்டுங்கெட்டான்கள்தான். மாவட்ட சுகாதார அலுவலரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அவர் காதுக்கு வேறு வழியில் போகக்கூடாது.

மெமோவே கூடாதா என்றால், உண்டு. சாம்பிளைப் போடாமலேயே ரிசல்ட் எழுதினால் அன்றைக்கே கொடுங்கள், வயது பார்க்காதீர்கள். ஆனால் ஃபிரிட்ஜ் தாளுக்கு 17ஏ என்கிற ஒழுங்கு நடவடிக்கையில் ஆரம்பித்தீர்கள் என்றால் அடுத்த மாதம் தாள் இன்னும் அழகாக இருக்கும், ஒருநாள் 4, ஒருநாள் 5, ஒருநாள் 3 என்று.

கேள்வி: காசநோய் சளி ஸ்லைடுகளின் மறுபார்வையில், எங்கள் டீமிலேயே சிறந்தவர் நெகட்டிவ் என்று கொடுத்த ஒரு ஸ்லைடு 2+ என்று வந்திருக்கிறது. அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. எப்படித் தேற்றுவது?

பதில்: தேற்றுவது அப்புறம், அந்த நோயாளிக்கு போன் போட்டாயிற்றா? முதலில் அவரைக் கூப்பிட்டு மறுபடி சளி எடுத்து நாட் என்கிற மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இனி உங்கள் ஆளைப் பற்றி. 2+ என்றால், மைக்ரோஸ்கோப்பில் ஒரே பார்வையில் தெரிகிற வட்டமான ஒரு ஃபீல்டுக்கே ஒன்று முதல் பத்துக் கிருமி தெரியவேண்டும். பழகிய கண் அதைத் தவறவிடுவது அபூர்வம். 100 ஃபீல்டுக்கு ஒன்றிரண்டு தெரிகிற ஸ்கேன்டி ஸ்லைடு என்றால் கண்ணைச் சந்தேகப்படலாம், 2+ தவறியது என்றால் நான் முதலில் நம்பரைத்தான் சந்தேகப்படுவேன். ஸ்லைடில் வைரப் பென்சிலால் எழுதிய எண்ணையும் ரெஜிஸ்டரில் அதற்கு மேல், கீழ் வரிகளையும் ஒப்பிடுங்கள். ஒரு வரி மாறியிருந்தால் இங்கே நெகட்டிவ் போனவரோடு கதை முடியாது, எங்கோ ஒருவர் நோயே இல்லாமல் ஆறு மாத மாத்திரையைத் தொடங்கியிருப்பார், அவரையும் தேடவேண்டும். நம்பர் சரியாக இருந்தால் அன்றைய கார்பால் ஃபுக்சின் சாயம், லென்ஸ், இப்படி ஒவ்வொன்றாக.

அன்று அவர் மேசையில் எத்தனை ஸ்லைடு என்றும் எண்ணிப்பாருங்கள். ஒரு ஆள் ஒருநாளைக்கு 20, 25-க்கு மேல் பார்க்கக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. கெட்டிக்காரர் என்பதாலேயே லீவு போட்டவர் ஸ்லைடையும் அவர் பக்கம் தள்ளியிருப்பீர்கள், நாம் எல்லாரும் செய்வதுதான். எண்ணிக்கை 50 என்று வந்தால் அவரிடம் போய், 'இது என் தப்பும்தான்' என்று சொல்லுங்கள், சாப்பிட ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: தொகுப்பூதியத்தில் இருக்கும் டெக்னீஷியன் நான். ரத்தம் எடுக்கும்போது ஊசி குத்திவிட்டது. 'வெளியே சொல்லாதே, ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம்' என்றார் எங்கள் இன்சார்ஜ்.

பதில்: குத்தி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுதவில்லையே. இதைப் படிக்கும்போது 72 மணி நேரம் தாண்டியிருக்கும், அதனால் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்பதை எச்.ஐ.வி. சிகிச்சை தருகிற ஏ.ஆர்.டி. மையத்தில் முடிவு செய்வார்கள், தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது, 72 மணிக்குப் பிறகு பிரயோஜனம் இல்லை. நீங்கள் இப்போதாவது போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருந்தால் ஆன்டிபாடி டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு) 10-க்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் இன்சார்ஜுக்கு: அந்தப் பையனின் ஒப்பந்தத்தின் மேல் உங்களுக்கு அக்கறை இருந்தால், குத்திய நேரத்தை ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு அவனுக்கு ஏதாவது வந்தால், வேலையில்தான் வந்தது என்பதற்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது. நிரந்தர ஊழியருக்குக் குத்தியிருந்தால் இதையே சொல்லியிருப்பீர்களா?

கேள்வி: சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடிநீர் சாம்பிள்களை ஐஸ் இல்லாமல் வெறும் பையில் கொண்டுவருகிறார்கள். வாங்கலாமா? திருப்பினால் டெக்னீஷியனிடம் சண்டை போடுகிறார்கள்.

பதில்: வாங்கக்கூடாது. எடுத்த நேரம் எழுதியிருக்கவேண்டும், ஐஸில் வரவேண்டும், 24 மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் சோடியம் தயோசல்பேட் போட்ட பாட்டிலில் எடுத்திருக்கவேண்டும், இல்லையென்றால் வழி நெடுக குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், நாம் 'குடிக்கலாம்' என்று எழுதிக்கொடுப்போம். ஆனால் திருப்பி அனுப்புகிற வேலையை டெக்னீஷியன் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? காரணங்களை அச்சடித்து வாசலில் ஒட்டி, கீழே உங்கள் பெயரையும் போன் நம்பரையும் போடுங்கள். சண்டை உங்களுக்கு வரட்டும்.