ஏற்கெனவே மோதிய இரண்டு கல்லூரி அணிகளுக்கு, சாம்பியன்ஷிப்பில் மறுபடி மோதும் வாய்ப்பைக் கொடுக்கலாமா?

வாக்கெடுப்பு வைத்து இரண்டே அணிகளை இறுதிப் போட்டிக்கு அனுப்பும் முறை என்றால், கொடுக்கக் கூடாது. நாக் அவுட்டில் ஜெயித்து வந்து மோதுகிறார்கள் என்றால் தாராளமாக மோதட்டும்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஃபுட்பால்) இந்தச் சண்டை ரொம்ப நாளாக உண்டு. வழக்கமாக எல்லாரும் பேசுவது, தோற்ற அணி எவ்வளவு பலமானது என்பதைத்தான். இந்த மறுபோட்டிக்காக யாரை வாசலில் நிறுத்திவைத்தார்கள் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

2011-ஐ எடுத்துக்கொள்வோம். நான் இரண்டு பக்கத்துக்கும் ரசிகன் இல்லை. நவம்பர் 5 அன்று, முதலிடத்தில் இருந்த எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்), இரண்டாமிடத்தில் இருந்த அலபாமாவை அதன் சொந்த ஊரான டஸ்கலூசாவிலேயே ஓவர்டைமில் 9-6 என்று ஜெயித்தது. இரண்டு பக்கமும் ஒரு டச் டவுன்கூட (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி எடுக்கும் ஆறு புள்ளி) இல்லை. அலபாமாவுக்கு நாலு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) வாய்ப்புகள் வீணாயின. கடைசிக் கால் பகுதியில் ஆட்டம் 6-6 என்று இருந்தபோது, மார்கிஸ் மேஸ் வீசிய பந்தை அலபாமாவின் மைக்கேல் வில்லியம்ஸ் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் கிட்டத்தட்டப் பிடித்தேவிட்டார். அவரோடு சேர்ந்து விழுந்த எல்எஸ்யூவின் எரிக் ரீட், விழுகிற வேகத்திலேயே பந்தைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் அந்த மூலையிலிருந்து எல்எஸ்யூவின் பிராட் விங் உதைத்த பந்து 73 யார்டு தூரம் போனது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் சப்பென்ற ஆட்டம். பார்த்தவர்களுக்கு நகம் மிஞ்சியிருக்காது.

இரண்டு அணிகளும் எஸ்இசி கான்ஃபரன்ஸில் (கல்லூரிகள் பல சேர்ந்த ஒரு லீக்) ஒரே பிரிவைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவைக்கூட அலபாமா ஜெயிக்கவில்லை. எல்எஸ்யூதான் ஜெயித்து, கான்ஃபரன்ஸ் இறுதியில் ஜார்ஜியாவையும் 42-10 என்று உதைத்து, 13-0 என்று நின்றது. தேசிய இறுதியில் அதற்கு எதிரே யார்?

அப்போது இருந்தது பிசிஎஸ் முறை, அதாவது தரவரிசையில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேராக இறுதிப் போட்டிக்கு. பயிற்சியாளர்கள் போடும் வாக்கு ஒரு பங்கு, முன்னாள் வீரர்கள், செய்தியாளர்கள் போன்றவர்கள் வாக்குப் போடும் ஹாரிஸ் வாக்கெடுப்பு ஒரு பங்கு, ஆறு கணினித் தரவரிசைகள் சேர்ந்து ஒரு பங்கு. கூட்டிப் பார்த்ததில் அலபாமாவுக்கு 0.9419, ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு 0.9333. கணினிகள் ஓக்லஹோமா ஸ்டேட்டைத்தான் இரண்டாமிடத்தில் வைத்திருந்தன. மனிதர்கள் அலபாமாவை வைத்தார்கள். ஓக்லஹோமா ஸ்டேட் தன் கான்ஃபரன்ஸின் சாம்பியன். கடைசி ஆட்டத்தில் ஓக்லஹோமாவை 44-10 என்று நசுக்கியிருந்தது. அதுவும் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது, ஐயோவா ஸ்டேட்டிடம், இரண்டாவது ஓவர்டைமில். அந்த ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கர்ட் பட்கி விமான விபத்தில் இறந்துபோனார்.

ஆக, எல்எஸ்யூவோடு ஒரு தடவை மோதித் தோற்ற அணிக்கு இரண்டாவது வாய்ப்பு. மோதவே இல்லாத அணிக்கு ஒன்றும் இல்லை. இதில் ஒரு வேடிக்கை: எல்எஸ்யூ பயிற்சியாளர் லெஸ் மைல்ஸ் முன்பு ஓக்லஹோமா ஸ்டேட்டுக்குத்தான் பயிற்சியாளராக இருந்தார். அந்த ஆட்டம் நடந்திருந்தால் அது ஒரு தனிக் கதை.

2012 ஜனவரி 9, நியூ ஆர்லியன்ஸ். அலபாமா 21, எல்எஸ்யூ 0. ஆட்டம் முழுக்க எல்எஸ்யூ முன்னேறியது மொத்தம் 92 யார்டு. மைதானத்தின் பாதிக்கோட்டை அவர்கள் தாண்டியதே ஒரு தடவைதான். 'பார்த்தீர்களா, அலபாமாதான் பலசாலி என்று அப்பவே சொன்னோமே' என்று ஆட்கள் கிளம்பினார்கள். பலசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப்படி இப்போது ஆளுக்கு ஒரு வெற்றி. அதிலும் எல்எஸ்யூ ஜெயித்தது எதிரி வீட்டில். மூன்றாவது ஆட்டம் வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே? இரண்டாவது ஆட்டத்துக்குக் கோப்பை, முதல் ஆட்டத்துக்குக் கைதட்டல் என்று ஆகிவிட்டது.

வாக்குப் போடுகிறவர்களின் ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 2006 இருக்கிறது. முதலிடத்து ஓஹையோ ஸ்டேட் இரண்டாமிடத்து மிச்சிகனை 42-39 என்று ஜெயித்தது. மூன்றே புள்ளி வித்தியாசம், மறுபடி விடுங்கள் என்று மிச்சிகன் பக்கம் ஒரே சத்தம். அந்தத் தடவை வாக்குகள் ஃபுளோரிடா பக்கம் சாய்ந்தன. ஃபுளோரிடாவெல்லாம் ஓஹையோ ஸ்டேட்டுக்கு ஈடாகுமா என்று நிறையப் பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். இறுதிப் போட்டியின் முதல் உதையையே டெட் ஜின் வாங்கி, ஓஹையோ ஸ்டேட்டுக்காக ஒரே ஓட்டமாக ஓடி டச் டவுன் போட்டார். அதைக் கொண்டாடியதில் காலில் அடிபட்டு அத்தோடு அவர் ஆட்டமும் முடிந்தது. கடைசியில் ஃபுளோரிடா 41-14. ஓஹையோ ஸ்டேட் மொத்தம் முன்னேறியது 82 யார்டு! மறுபோட்டி கொடுத்திருந்தால் இது யாருக்குமே தெரிந்திருக்காது. மிச்சிகனும் ரோஸ் பவுல் என்ற தன் சீசன் கடைசி ஆட்டத்தில் யுஎஸ்சியிடம் 32-18 என்று தோற்றது.

2011 கூத்துக்குப் பிறகு, 2012 ஜூனில் நாலு அணி பிளேஆஃபுக்கு ஒப்புதல் கிடைத்தது; 2014 சீசனில் தொடங்கியது. அதன் பிறகு வந்த மறுபோட்டிகளில் எனக்குப் பெரிதாகப் புகார் இல்லை. 2021 டிசம்பரில் எஸ்இசி இறுதியில் ஜார்ஜியா அலபாமாவிடம் 41-24 என்று தோற்றது. ஆனாலும் அரையிறுதியில் மிச்சிகனை 34-11 என்று அடித்துத்தான் தேசிய இறுதிக்கு வந்தது, அங்கே அலபாமாவை 33-18 என்று ஜெயித்தது. ஐபிஎல்லில் குவாலிஃபயர் ஒன்றில் தோற்ற அணி, இன்னொன்றில் ஜெயித்து ஃபைனலுக்கு வருகிற மாதிரிதான்.

2024 சீசனிலிருந்து 12 அணிகள். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. அக்டோபரில் ஓஹையோ ஸ்டேட்டை 32-31 என்று ஜெயித்த ஓரிகன், 13-0 என்று முதலிடத்தில் பிளேஆஃபுக்கு வந்தது. முதல் சுற்று ஆடாமலே நேராகக் காலிறுதி. அங்கே எதிரே அதே ஓஹையோ ஸ்டேட். ஒரு கட்டத்தில் 34-0, முடிவில் 41-21, ஓரிகன் காலி. ஓஹையோ ஸ்டேட் கோப்பையையும் தூக்கிவிட்டது. ஜெயித்து வந்த அணி, கேள்வி இல்லை. ஆனால் எட்டாமிட அணியான ஓஹையோ ஸ்டேட்டுக்கு முதல் சுற்றில் டென்னசியோடு சொந்த மைதானத்தில் ஆடக் கிடைத்தது. முதலிடத்து ஓரிகனுக்கு, காலிறுதி பொது மைதானத்தில் என்பதால், அதுகூடக் கிடைக்கவில்லை. மறுபோட்டி வரட்டும், ஆனால் முதல் ஆட்டத்தை ஜெயித்தவன் ஊரில் வையுங்கள்.