அப்பாவின் இதய பம்புக்காக அம்மாவின் வீட்டை விற்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. மளிகைக் கடை நடத்தியவர், பென்ஷன் இல்லை. இதயச் செயலிழப்பு முற்றிவிட்டது. இந்த வயதில் மாற்று இதயம் கிடைக்காது, பலவீனமான இதயத்துக்கு உதவியாக ரத்தத்தை இறைக்கும் எல்வாட் என்ற பம்பைப் பொருத்தலாம், மொத்தம் ஒரு கோடி ஆகும் என்கிறார்கள். பெற்றோரின் வைப்புத் தொகை 40 லட்சம், அப்பாவின் காப்பீடு 10 லட்சம். மீதிக்கு 66 வயது அம்மாவின் பெயரில் உள்ள வீட்டை விற்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு வீட்டில் கை வைக்காதீர்கள். பம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மாற்று இதயம் பெற முடியாத 129 நோயாளிகளில் பம்பு வைத்தவர்களில் 52 சதவீதம் பேர் ஓராண்டு தாண்டினார்கள்; மருந்து மட்டும் எடுத்தவர்களில் 25 சதவீதம் பேர்தான். இப்போதைய ஹார்ட்மேட் 3 என்ற எல்வாட் கருவியில், எல்லா வயதினரையும் சேர்த்து, ஐந்தாண்டு தாண்டியவர்கள் சுமார் 58 சதவீதம். ஆனால் எழுபதைத் தாண்டியவர்களுக்குப் பலன் இதைவிடக் குறைவாகவே இருக்கும். குடலில் ரத்தக்கசிவு, பக்கவாதம், பம்பிலிருந்து வயிற்றின் வழியே வெளியே வரும் மின் வயரில் தொற்று என்று ஏதாவது ஒன்றுக்காகத் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர வேண்டிவரும்.

பணக் கணக்கில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு கோடி என்பது பொருத்துவதற்கான செலவு. அதன் பிறகு ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை, அதன் அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர் ரத்தப் பரிசோதனை, வயர் வெளிவரும் இடத்துக்குக் கட்டு, சில ஆண்டுகளில் புது பேட்டரிகள். தூங்கும்போது கருவி வீட்டு மின்சாரத்தில் ஓடும், அதனால் மின்வெட்டுக்கு நம்பகமான இன்வெர்ட்டர் வேண்டும். எப்போதும் கூடவே ஒருவர் இருக்க வேண்டும். அது யார்? உங்கள் அம்மாவா? அவரையே வீடில்லாதவராக ஆக்கிவிட்டு அந்த வேலையையும் அவர் தலையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கலாம்.

காப்பீட்டு நிறுவனத்திடம் இந்தக் கருவிக்கு எவ்வளவு தருவார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். 70 தாண்டியவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அந்த மருத்துவமனையும் இந்தச் சிகிச்சையும் அதில் வருமா என்று கேளுங்கள். வந்தாலும் ஒரு கோடிக்கு முன்னால் அது சின்னத் தொகைதான்.

அம்மாவுக்காக வைப்புத் தொகையில் குறைந்தது 20 லட்சத்தைத் தனியே ஒதுக்குங்கள். மீதி 20 லட்சமும் காப்பீடும் போக 70 லட்சம் துண்டு விழும். உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து உங்கள் சொந்த வருமானத்தில் அதைச் சமாளிக்க முடிந்தால், பிறகு வரும் மாதச் செலவையும் தாங்க முடிந்தால், தைரியமாகச் செய்யுங்கள். முடியாவிட்டால் மருந்தும், வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையுமாக அப்பாவை வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்வதும் நேர்மையான முடிவுதான். அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் அப்பா என்ன சொல்கிறார் என்பது ஒரு வரிகூட இல்லை. இதயநோய் மருத்துவரிடம் அவரையும் அம்மாவையும் உட்கார வைத்து, அவருடைய சிறுநீரகம், நடக்கும் தெம்பு, நினைவாற்றல் இந்தக் கருவியைத் தாங்குமா, பொருத்திய பிறகு அன்றாட வாழ்க்கை எப்படியிருக்கும் என்று அவர் முன்னாலேயே கேளுங்கள். அந்தப் பேச்சு முடியும்வரை வீட்டுக்காக யாரிடமும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம்.