அவர் ஏன் சபைய விட்டு வெளிய வரல?

அக்கா, வணக்கம். சால்ட் லேக் சிட்டில ஐடி வேலைல இருக்கேன், நீங்க எழுதறத தொடர்ந்து படிக்கறவன். என் டீம்ல ஒருத்தர், அம்பது வயசு இருக்கும், அஞ்சு தலைமுறையா மார்மன் (அமெரிக்கால தோன்றின ஒரு கிறிஸ்தவ சபை) குடும்பம். ஓட்டு டெமாக்ரடிக் கட்சிக்கு, மகன் கே, ஒரே பாலினக் கல்யாணம் பத்தி சபை சொல்றத இவரு துளியும் ஏத்துக்கல. ஆனா ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா கோட்டு டையோட கிளம்பிடறாரு, வருமானத்துல பத்துல ஒரு பங்கு தசமபாகம் வேற. பிடிக்கலன்னா வெளிய வந்துடலாமே, இது ரெட்டை வேஷம் இல்லையா? கேட்டா சிரிச்சுட்டு, வர்ற மாசம் முதல் ஞாயிறு எங்க வார்டுக்கு வாயேன்னு கூப்பிடறாரு. போகலாமா?
– ஆர்.

தம்பி,

அந்த ரெட்டை வேஷங்கற வார்த்தைய மட்டும் வாபஸ் வாங்கிக்கோங்க. வேஷம் போடறவன் மனசுல இருக்கறத மறைப்பான், இவரு ஆபீஸ்ல உங்க கிட்ட வரைக்கும் சொல்லியிருக்காரே.

நானும் உங்க யூட்டாவுல, புரோவோங்கற ஊர்ல ரெண்டு வருஷம் குடியிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கற குருத்துவத்த, அதாவது சடங்கு நடத்தற அதிகாரத்த, பொம்பளைங்களுக்கும் குடுக்கணும்னு ஞாயிறு வகுப்புலயே சொல்லிட்டாங்க, ரெண்டே வாரத்துல வகுப்பு எடுக்கற பொறுப்ப உள்ளூர் சபைக்குத் தலைவரான பிஷப் அவங்க கிட்டருந்து எடுத்துட்டாரு, அன்னிக்கு அவங்க அழுதத நான் பாத்தேன், ஆனா அந்த குளிர்காலத்துல அவங்க வாசல்ல விழுந்த பனிய காலைல அஞ்சரை மணிக்கு வந்து தள்ளிட்டுப் போனது அதே பிஷப்தான். ரெண்டும் ஒரே சபைதான் தம்பி. இத புரிஞ்சுக்காம உங்க நண்பர புரிஞ்சுக்க முடியாது.

வார்டுன்னா நம்ம ஊரு முனிசிபாலிட்டி வார்டு மாதிரியேதான், மேப்புல கோடு போட்டிருப்பாங்க, உங்க வீடு எந்தக் கோட்டுக்குள்ளயோ அதான் உங்க சபை. எனக்குப் புடிச்ச போதகர் இருக்கற எடத்துக்குப் போறேன்னு மாறிக்கிட்டே இருக்க முடியாது. பிஷப்புக்கு சம்பளம் கிடையாது, அவரும் பல் டாக்டராவோ கணக்கு வாத்தியாராவோ இருப்பாரு, ஒரு அஞ்சு வருஷம் பாத்துட்டு திரும்ப பெஞ்சுக்கு வந்துடுவாரு. அதனால டிரம்ப்புக்கு ஓட்டு போட்டவரும் உங்க நண்பரும் ஒருத்தர் பிள்ளைக்கு ஒருத்தர் பாடம் எடுத்துதான் ஆகணும். கட்சிக்காக யாரையும் நீக்கறதும் இல்ல, செனட்ல டெமாக்ரடிக் கட்சித் தலைவரா இருந்த ஹாரி ரீட் மார்மன்தான். ஆனா சபையோட போதனைக்கு எதிரா வெளில பேச ஆரம்பிச்சா கதை வேற. பெண்களுக்கு சம உரிமை தர்ற அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தத்த சபை எதிர்த்தப்ப அதுக்கு ஆதரவா போராடின சோனியா ஜான்சன 1979 டிசம்பர்ல நீக்கினாங்க. நீக்கற அளவுக்குப் போகாட்டியும், டெம்பிளுக்குள்ள (ஞாயிறு கூடற எடம் இல்ல, முக்கியச் சடங்குங்க நடக்கற தனிக் கோயில்) போற அனுமதி அட்டைக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ நேர்காணல் உண்டு, சபைக்கு மாறான போதனைய ஆதரிக்கறீங்களான்னு அதுல ஒரு கேள்வியும் உண்டு. அட்டை இல்லன்னா பெத்த பொண்ணுக்கு டெம்பிள்ல நடக்கற கல்யாணச் சடங்கக் கூட உள்ள போய் பாக்க முடியாது. உங்க நண்பர் இத தெரிஞ்சுகிட்டேதான் பேசறாரு.

எனக்கு இந்த விஷயத்துல ஜுவனிட்டா புரூக்ஸ்தான் ஞாபகம் வருவாங்க. யூட்டாவோட தெக்கு மூலைல செயின்ட் ஜார்ஜ்ல இருந்த காலேஜ் டீச்சர், பிள்ளைங்க நெறைய, அசல் மார்மன். 1857 செப்டம்பர்ல அந்தப் பக்கம் மவுன்டன் மெடோஸ்ல கலிஃபோர்னியாவுக்கு வண்டி கட்டிப் போயிட்டிருந்த சுமார் 120 பேர மார்மன் படைக்காரங்க கொன்னாங்க, சின்னப் புள்ளைங்க 17 பேர்தான் மிச்சம், பழிய ரொம்ப காலம் பையூட் பழங்குடி மேலயும் ஜான் லீங்கற ஒத்த ஆள் மேலயும் போட்டு மூடி வச்சிருந்தாங்க. புரூக்ஸ் சின்ன வயசுல டீச்சரா இருந்தப்ப நெஃபி ஜான்சன்னு ஒரு பெரியவர் ஒரு விஷயத்த எழுதி வைக்கணும்மான்னு கேட்டிருக்காரு, இவங்க அப்புறம் பாக்கலாம்னு இருந்துட்டாங்க, கடைசில போனப்ப அவரு சாகக் கிடக்காரு, ரத்தம் ரத்தம்னு கத்தறாரு. அந்தப் படுகொலைல அவரும் இருந்தவரு. அத அவங்களால மறக்கவே முடியல. பல வருஷம் தேடி எழுதினாங்க, அக்கம்பக்கம் யாராவது வந்தா டைப்ரைட்டர் மேல இஸ்திரி போடற துணிய போட்டு மூடிட்டு எழுதினாங்க, 1950ல புத்தகம் வந்துச்சு. சபை நீக்கல, ஆனா ஊர்ல பல பேர் முகத்த திருப்பிகிட்டாங்க. அவங்க வார்டுக்குப் போறத நிறுத்தல. 2007ல அந்த எடத்துலயே சபை சார்பா வருத்தம் தெரிவிச்சாங்க, ஆனா அதக் கேக்க அவங்க உயிரோட இல்ல, 1989லயே போயிட்டாங்க.

கறுப்பின ஆண்களுக்கு குருத்துவம் கிடையாதுங்கறது தப்புன்னு 1947ல தலைமைக்கே கடிதம் எழுதினாரு லோரி நெல்சன்னு ஒரு சமூகவியல் பேராசிரியர். வந்த பதில் கண்டிப்பான பதில். 1978ல அதே சபை அந்தத் தடைய எடுத்துடுச்சு. ஒரே பாலின ஜோடிங்களோட வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் கூடாதுன்னு 2015ல போட்ட விதிய நாலே வருஷத்துல எடுத்தாங்க. உள்ள இருந்தவங்க வலியோட சொல்லிகிட்டே இருக்காம இதெல்லாம் நடந்திருக்கும்னு நான் நம்பல. வெளிய போனவங்கள நான் குறை சொல்லவே மாட்டேன், சிலருக்கு அதுதான் உயிர் பிழைக்கற வழி. ஆனா உங்க நண்பரோட மகன் மாதிரி இன்னொரு பையன் இப்பவும் அந்த பெஞ்சுல அம்மா பக்கத்துல உக்காந்திருப்பான் இல்லையா, அவன் கண்ணுக்கு ஒரு பெரிய மனுஷனாவது வேற மாதிரி தெரியணும்.

போகலாமான்னு கேட்டீங்க. கண்டிப்பா போங்க. முதல் ஞாயிறுன்னா அவங்கவங்க நம்பிக்கையப் பத்தி சாட்சி சொல்ற கூட்டம், ரெண்டு வேளை உபவாசம் இருந்துட்டு வருவாங்க, பிரசங்கம் கிடையாது, யாரு வேணா எந்திரிச்சுப் போய் மைக்ல பேசலாம். அவரும் பேசுவாரோ என்னவோ. அதுக்கு முன்னாடி இயேசுவ நினைச்சு எடுத்துக்கற ரொட்டித் தட்டும் தண்ணித் தட்டும் வரிசை வரிசையா கைமாறி வரும். லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சன்னு ஒரு எடிட்டர், சபைத் தலைவர்கள் அறிஞர்கள எப்படி நெருக்கினாங்கன்னு தேதி வாரியா எழுதினதுக்காக 1993 செப்டம்பர்ல நீக்கப்பட்டவங்க. நீக்கினப்புறமும் வாரா வாரம் அதே வார்டுக்குப் போனாங்க, ரொட்டி எடுக்க அனுமதி கிடையாது. 2019ல உள்ளூர்ல திரும்ப சேத்துக்கலாம்னு பரிந்துரை பண்ணியும் மேலிடம் மறுத்துடுச்சு, 2023ல சாகற வரைக்கும் அப்படியே. நீங்க விருந்தாளி, எடுக்கலன்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. தட்டு வந்தா அப்படியே பக்கத்துல இருக்கறவர் கைல குடுத்துடுங்க.