பாஸ்டன் பேச்சுக்கு ஒனேசிமஸை எடுக்கலாம்

வணக்கம். பாஸ்டன் துறைமுகத்தின் ஆரம்பகால மனிதர் ஒருவரைப் பற்றி மகள் பள்ளியில் பேச வேண்டும், ஆனால் எல்லாரும் தேநீர்க் கலகத்தையே எடுத்துவிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒனேசிமஸை எடுக்கச் சொல்லுங்கள். பாதிரியார் காட்டன் மேதர் வீட்டில் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கர். தோலைக் கீறிப் பெரியம்மைச் சீழை வைத்தால் நோய் கடுமையாகத் தாக்காது என்று மேதருக்குச் சொன்னதே அவர்தான். 1721இல் கப்பலோடு அம்மை வந்திறங்கியபோது, மருத்துவர் பாய்ல்ஸ்டன் தன் ஆறு வயது மகனுக்கே அதைச் செய்து பார்த்தார். ஊர் கொதித்துப்போனது, மேதர் வீட்டு ஜன்னல் வழியே குண்டு வீசினார்கள், நல்லவேளை வெடிக்கவில்லை. இயல்பாக அம்மை கண்டவர்களில் சுமார் ஏழு பேருக்கு ஒருவர் இறக்க, கீறிக்கொண்டவர்களில் சுமார் நாற்பது பேருக்கு ஒருவர்தான். அப்புறம், இதை ஜென்னரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவருடைய பசு அம்மைத் தடுப்பூசி 1796இல்தான் வந்தது.